பிளேடை ஒழிக்க ஒரு பிளேடு

இந்தப் பனிக்காலத்தில் என் மச்சான் எய்னாரின் வண்டி எங்கள் வாசலுக்கு வரக்கூடாது என்று அக்டோபர் மாதமே சபதம் எடுத்தேன். மேப்பிள் மரத்தில் இலைகள் இன்னும் முழுசாக உதிரக்கூட இல்லை. அவ்வளவு அவசரம் எனக்கு.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்கள் ஊர், பெரிய ஏரிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். வேண்டாத இடத்தில் மூக்கை நீட்டுகிறவனுக்குக் கிடைப்பதுதான் அதற்கும் கிடைக்கிறது. நவம்பரில் ஏரி தும்ம ஆரம்பித்தால் ஏப்ரல் வரை நிறுத்தாது. படுக்கப் போகும்போது இருந்த தபால் பெட்டி விடிந்தால் இருக்காது. வீட்டிலிருந்து தார்ச்சாலை வரை எங்களுக்கு நீளமான சரளைப் பாதை. அதில் விழுந்த பனியை வழித்துத் தள்ள, என் மனைவி ஹெல்வியின் அண்ணன் எய்னார் தினமும் காலையில் வருவார். அவருடைய பழைய பிக்கப் வண்டியின் முன்னால் ஆள் நீளத்துக்குப் பனி தள்ளும் இரும்புத் தகடு, அதாவது பிளேடு, ஒன்று இருக்கும். வருஷக்கணக்காக இப்படி வருகிறார். கூலி வாங்கமாட்டார்.

தொல்லையே அங்கேதான். கூலிக்காரர் என்றால் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். கூலி வேண்டாம் என்கிறவரை உட்காரவைத்து ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் கொடுக்க வேண்டும். காப்பி உள்ளே போகப் போகப் பேச்சு வெளியே வரும். நான் விறகு அடுக்கிய விதம் தப்பு. சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் அடுப்பு வைத்த மூலை தப்பு. உருளைக்கிழங்கு நட்ட திசை தப்பு. மற்ற வீட்டுப் பாதைகளையும் வழிக்க வேண்டுமே என்ற ஞாபகம் அவருக்கு உச்சி வேளையில்தான் வரும். அதுவரை என் சமையலறையில் பிளேடு. வண்டியில் மாட்டிய பிளேடு பாதையைச் சுத்தமாக்கும். மச்சான் போடும் பிளேடு என்னைச் சுத்தமாக்கும்.

வசந்தத்தில் நான் ஒரு சின்ன டிராக்டர் வாங்கியிருந்தேன். விறகு இழுக்க, தோட்டம் உழ. அதன் பின்பக்கத்தில் கருவிகளை மாட்ட மூன்று பிடிகள் உண்டு. அதில் ஒரு பிளேடை மாட்டிவிட்டால் என் பாதைக்கு நானே ராஜா. முள்ளை முள்ளால் எடுப்பதுபோல் பிளேடை பிளேடால் எடுப்பது. கோழிகளின் முன்னால் நின்று ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டு, ஹெல்வியிடம் போனேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் நம்ம பாதையை நானே பாத்துக்கறேன். டிராக்டருக்குப் பின்னாடி மாட்டற பிளேடு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். உங்க அண்ணனுக்கும் வயசாகுது, பாவம். எதுக்கு வீணா அலையணும்?"

"நல்ல யோசனைங்க," என்றாள்.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். என் யோசனை எதையும் அவள் முதல் தடவையே நல்லது என்று சொன்னதில்லை. அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்ற யோசனையையே மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் வெற்றி தலைக்கேறிய மனிதனுக்குக் காது கேட்காது. அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. எல்லாம் பிளேடு விளம்பரத் தாள்கள். எனக்கு ஏழடி பிளேடு வேண்டும். ஏன் ஏழடி என்றால், மச்சானின் வண்டியில் இருப்பது ஏழடி. ஓர் அங்குலம் குறைந்தாலும் எனக்கு மானக்கேடு.

போஷேன் என்பவரின் டிராக்டர் கடைக்கு ஹெல்வியும் கூட வந்தாள். நூல்கண்டு வாங்கக்கூட என்னோடு வராதவள். போஷேன் பொறுமையானவர். நிதானமாக விளக்கினார். பிளேடை நேராக வைத்தால் பனி இரண்டு பக்கமும் வழியும். சாய்த்து வைத்தால்தான் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஆனால் சாய்த்தால் அதன் அகலம் குறையும். குறைந்த பிறகும் டிராக்டர் சக்கரங்களின் தடத்தை மூடும் அளவுக்கு இருக்க வேண்டும். மெலிசானது மலிவு, ஆனால் இறுகிய பனிமேல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். ரொம்பக் கனமானதைத் தூக்கினால் இந்தச் சின்ன டிராக்டரின் முன்சக்கரம் தரையில் நிற்காது. இதையெல்லாம் ஹெல்வி தலையாட்டிக் கேட்டாள். நான் ஏழடி பிளேடின் சிவப்புப் பெயின்ட்டைத் தடவிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு கம்பளி நூலை எடுத்தாள். அதில் இரண்டு முடிச்சுகள். ஒவ்வொரு பிளேடிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

"ஆறடி போதும். இதுதான்."

"ஏழடின்னா வேலை சீக்கிரம் முடியும்."

"வேலை முடியுமோ என்னவோ, நீங்க முடிஞ்சிருவீங்க. முன்சக்கரம் தூக்கிக்கும்னு அவர் சொன்னாரே."

"அந்த நூல்ல என்ன அளந்து வச்சிருக்கே?"

"லைலாக் செடிங்களுக்கு நடுவுல இருக்கற எடம். போன வருஷம் அண்ணன் ரெண்டை ஒடிச்சார்ல."

மனைவியிடம் 'அடி'க்காகப் பேரம் பேசாதவன் புத்திசாலி. ஆறோடு நிறுத்திக்கொண்டேன். அவள் நிறுத்தவில்லை. பக்கவாட்டில் நகர்த்தி வைக்கிற வசதியும் இருக்க வேண்டும் என்றாள். சுவரை ஒட்டி வழிக்க அதுதான் சௌகரியமாம். போஷேனும் ஆமாம் என்றார். எங்கள் பாதையோரத்தில் சுவரே கிடையாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எய்னாரிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பை ஹெல்வி தானே எடுத்துக்கொண்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னாள். எனக்கு அதில் சின்ன ஏமாற்றம்.

முதல் பனி விழுந்தது. எழுந்து, நாலு சட்டை மாட்டி, பிளேடை இறக்கி, படைத்தளபதி மாதிரி கிளம்பினேன். பின்பக்க பிளேடில் ஒரு சங்கடம். வண்டி முன்னால் போகும், வேலை பின்னால் நடக்கும். ஆந்தை மாதிரிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்ட வேண்டும். தார்ச்சாலை வரை போய் வந்து பார்த்தால் புல்வெளி முழுக்கக் கரும்புள்ளி. பனியைத் தள்ளுவதாக நினைத்து நான் பாதையையே தள்ளியிருக்கிறேன். வருஷக்கணக்காகக் கொட்டிய சரளைக்கல்லெல்லாம் ஹெல்வியின் பூப்பாத்தியில் கிடக்கிறது.

ஹெல்வி ஸ்பானரோடு வெளியே வந்தாள். திட்டவில்லை. பிளேடின் இரண்டு ஓரத்திலும் இரும்புப் பாதம் மாதிரி ஒன்று இருந்தது. அதை இறக்கி முடுக்கினாள். நிலம் உறைந்து இறுகும்வரை பிளேடு தரையைத் தொடாமல் இந்தப் பாதத்தின்மேல் ஓட வேண்டும் என்று போஷேன் அன்றைக்கே சொன்னாராம்.

"எப்ப சொன்னார்? எனக்குக் கேக்கலயே."

"பெயின்ட்டைத் தடவிட்டு இருந்தீங்களே, அப்ப."

அதற்கப்புறம் கை பழகிவிட்டது. பிளேடைப் பின்புறமாகத் திருப்பி வைத்து, ரிவர்ஸில் தள்ளவும் கற்றுக்கொண்டேன். ஓரத்துக் குவியலை ஆரம்பத்திலேயே தூரமாகத் தள்ளிவைக்காவிட்டால் பிப்ரவரியில் பாதை ஒற்றையடிப் பாதையாகிவிடும் என்பதும் புரிந்தது. வேலை முடித்து உள்ளே வந்தால் சமையலறையில் அமைதி. விறகைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏலக்காய் ரொட்டியின் முதல் துண்டு எனக்கே. ராஜ வாழ்க்கை.

கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயம் ஹெல்வி போகிற போக்கில் சொன்னாள். அண்ணன் வண்டி கிளம்பமாட்டேன் என்கிறதாம். இன்று ஒருநாள் அவர் பாதையையும் வழித்துவிட்டு வரமுடியுமா?

முடியுமாவா? வைகுண்டமே வா என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது எனக்கு. மச்சானின் வாசலில், மச்சானின் கண்முன்னால், என் பிளேடு. காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

எய்னார் வீடு அடுத்த வளைவில் இருக்கிறது. அவர் மனைவி காலமானபின் தனி ஆள். பாதையின் ஒரு பக்கம் முழுக்க அவர் கையாலேயே கட்டிய கல்சுவர். பிளேடைப் பக்கவாட்டில் நகர்த்திச் சுவரை உரசாமல் வழித்துக்கொண்டு போனேன். கடைசியில் அவருடைய சவுனாவுக்கும் விறகுக் கொட்டகைக்கும் நடுவே ஒரு சந்து. பிளேடு அதற்குள் நுழைந்தது. இந்தப் பக்கம் ஒரு கையளவு இடம், அந்தப் பக்கம் ஒரு கையளவு இடம். தச்சன் இழைத்துப் போட்ட இழுப்பறை மாதிரி.

சந்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டேன். ஏழடியாக இருந்தால் கொட்டகை இந்நேரம் என் தலைமேல் இருக்கும். லைலாக் செடியாவது, ஒன்றாவது. கம்பளி நூலின் இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

எய்னார் ஜன்னல் பக்கம் குவளையோடு நின்றிருந்தவர், மெதுவாக வெளியே வந்தார். குவியலை இன்னும் தள்ளி வைக்க வேண்டும் என்றார். கியரைக் குறைக்க வேண்டும் என்றார். பிறகு என் தோளில் தட்டினார்.

"பரவால்ல மாப்ளே, தேறிட்டீங்க. ஹெல்வி வந்து சொன்னப்ப நான் நம்பல."

"என்ன சொன்னா?"

"நீங்க பழகறதுக்கு ஒரு எடம் வேணும்னு சொன்னா. இன்னும் உங்க வீட்டுலயே பழகினா பூச்செடி ஒண்ணும் மிஞ்சாதாம். அதான் நம்ம பாதையிலயே பழகட்டும்னு விட்டுட்டேன். வெக்கப்படாம தினம் வாங்க. உங்களுக்காகத்தான் நான் வண்டியையே எடுக்கல."

கொட்டகையில் அவருடைய பிக்கப் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அதற்கு ஒரு கோளாறும் இல்லை. டிராக்டரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் வசனம் யோசித்தேன். பெரிய பெரிய வசனம். கதவைத் திறந்ததும், "உங்க அண்ணன் வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்பதுதான் வந்தது.

ஹெல்வி கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வண்டி நல்லாத்தாங்க இருக்கு. அண்ணனுக்குத்தான் நல்லால்ல. ஆகஸ்ட்ல நெஞ்சுவலி வந்துச்சு. குளிர்ல இறங்கி மண்வெட்டி தொடக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். அண்ணன் கேக்கல. ஊர்ல பாதி வீட்டுப் பாதையை யார் வழிப்பா, செத்தா வண்டியிலயே சாகறேன்னார்."

ஆகஸ்ட் மாதத்தில் அவள் அடிக்கடி அண்ணன் வீட்டுக்கு ஜாம் கொண்டுபோனது ஞாபகம் வந்தது. இவ்வளவு ஜாம் தின்கிறாரே என்று நான் கேலி செய்திருந்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டார். மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு."

"சொல்லியிருந்தா நான் போய்ச் செஞ்சிருக்க மாட்டேனா?"

"செஞ்சிருப்பீங்க. செஞ்சுட்டு, செஞ்சதைச் சொல்லியும் காட்டியிருப்பீங்க. அவர் அன்னிக்கே மண்வெட்டியைத் தூக்கியிருப்பார். இப்ப பாருங்க, அவர் உங்களுக்கு உபகாரம் பண்றதா நெனச்சு வண்டியை மூடி வச்சிருக்கார். நான் சொல்லி வச்சதுல மத்த வீட்டுக்காரங்களும் வேற ஆள் பாத்துக்கிட்டாங்க."

 ஜன்னலில் அவர் நின்றதை நினைத்துப் பார்த்தேன். மேற்பார்வை பார்க்கிறார் என்றல்லவா நான் மனசுக்குள் வைதேன். அவர் இரண்டு கையாலும் அந்தக் குவளையை ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். நான் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் குவளையும் கொஞ்சம் திரும்பியது. எத்தனையோ வருஷம், நான் போர்வைக்குள் கிடந்த நேரத்தில், அந்தக் கைகள் என் பாதையைத் திறந்திருக்கின்றன.

"சரி. எனக்கு எதுவும் தெரியாது. தினம் போறேன். பழகறதுக்கு," என்றேன்.

ஹெல்வி எழுந்து என் பின்னால் வந்தாள். ஆந்தையாகித் திருகிப்போயிருந்த என் கழுத்தில் தைலம் தேய்த்தாள். அவள் கை இதமாக இருந்தது. தோற்றவனுக்கு இவ்வளவு நல்ல கவனிப்பு எந்த யுத்தத்திலும் கிடைத்திருக்காது. அந்தச் சுகத்தில், எனக்கும் பாதி வெற்றி இருக்கத்தானே செய்கிறது என்று தோன்றியது. சமையலறை இன்னும் என்னுடையது. ஜாக்கிரதையாகப் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன்.

"பாவம், அவருக்கும் இனிமே அலைச்சல் இல்ல. நிம்மதியா வீட்டோட இருப்பார்."

தைலம் தேய்த்த கை நிற்கவில்லை.

"டாக்டர் இன்னொண்ணும் சொன்னாருங்க. தினம் கொஞ்ச தூரம் நடக்கணுமாம். பனி இல்லாத, வழுக்காத பாதையாப் பாத்து."

இப்போதெல்லாம் காலையில் முதலில் மச்சான் வீட்டுப் பாதையை வழிக்கிறேன், பிறகு எங்கள் பாதையை. நான் வழிக்க வழிக்க, டிராக்டருக்குப் பின்னாலேயே கைகளைக் கட்டிக்கொண்டு எய்னார் நடந்து வருகிறார். நான் ஆந்தை மாதிரித் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம்தான் தெரிகிறது. முன்பு மற்ற வீட்டுப் பாதைகளை வழிக்க வேண்டுமே என்று உச்சி வேளையில் எழுந்து போய்விடுவார். இப்போது அந்த வேலையும் இல்லாததால் எங்கள் சமையலறையில் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இருந்துவிடுகிறார்.