பைன் மரமும் மூன்று விசிலும்

இந்த ஒரு விஷயத்திலாவது என் இஷ்டம்தான் நடக்க வேண்டும் என்று போன கோடையில் தீர்மானம் போட்டேன். மொட்டை மாடியில் துணி காயப்போட ஒரு பந்தல். என்ன மரம், எங்கே கால், எவ்வளவு உயரம், எல்லாம் நான். பஞ்சவர்ணத்தின் வேலை, முடிந்த பிறகு மேலே வந்து பார்த்து "அடேங்கப்பா!" என்று வாயைப் பிளப்பது மட்டும்.

பஞ்சவர்ணம் என் மனைவி. கொள்ளேகால் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மைசூருக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பார்த்து "அடேங்கப்பா" சொன்னது ஒரே தடவை. நான் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது.

"இரும்புக் குழாயை நட்டு மேல ஷீட்டைப் போட்டா முடிஞ்சு போச்சுங்க" என்றாள்.

"இரும்பா? பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். பைன் மரம்தான்."

"பைனுங்களா? சாமான் கட்டி வர்ற பெட்டி பண்ணுவாங்களே, அதுங்களா? நகத்துல கீறினா கோடு விழுமே."

"அதைப் பலகை பலகையா அறுத்து, அடுக்கி, பசை வெச்சு, மிஷின்ல அழுத்தி ஒரே உத்தரமா ஆக்கிடறாங்க. வெளிநாட்டுல பாலமே கட்டறான், தெரியுமா?"

"பாலத்துல துணி காயப் போடறாங்களா?"

இதற்கு மேல் பேசினால் தீர்மானம் நிலைக்காது என்று செருப்பை மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக் கெம்பையனும் கூட வந்தார். அவர் மாடிக்கும் ஒரு பந்தல் வேண்டுமாம். மண்டி மொஹல்லாவில் ஒரு மரக்கடை. முதலாளி கணேஷ்குமார், நம்ம ஆள். இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தார். இரண்டும் பைன், இரண்டும் ஒட்டினது. ஒன்று பளிச்சென்று, மழமழவென்று, சந்தனக் கட்டை மாதிரி. இன்னொன்றில் பச்சை பாய்ந்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் கறுப்புக் கறுப்பாகக் கோடு.

"சார், வெள்ளை வீட்டுக்குள்ள போடறது. மாடிக்கு இந்தக் கறுப்புக் கோடு..."

"கணேஷ்குமார், நான் கம்பெனியில ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். ஆணியிலிருந்து லாரி டயர் வரைக்கும் என் கண்ணைத் தாண்டித்தான் உள்ள வரும். எனக்கே மரம் காட்டறீங்களா? வெள்ளை!"

"இல்ல சார், அந்தப் பசை..."

"வெள்ளை!"

"மல்லப்பன் சார் சொன்னா சரி. எனக்கும் வெள்ளை" என்றார் கெம்பையன். இந்த உலகத்தில் என் பேச்சை அப்படியே நம்புகிற ஒரே ஜீவன் அவர்தான். பாவம்.

சாம்பிள் துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பஞ்சவர்ணத்தின் முன்னால் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மழையில நனைஞ்சா?"

"காட்டுல மரம் நனையறதில்லையா?"

"காட்டுல பசை வெச்சா ஒட்டியிருக்குது?"

"உனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? பேசாம இரு."

பேசாமல் இருந்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். நானோ ஜெயித்துவிட்டதாக நினைத்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். மறுநாள் ஒன்றே ஒன்று கேட்டாள். வெள்ளை அழுக்குப் பிடிக்குமாம், கடையிலேயே காப்பிக் கலர் அடித்து அனுப்பச் சொல்லட்டுமா என்றாள். போனால் போகிறது, கலராவது அவள் இஷ்டப்படி இருக்கட்டும் என்று பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினேன்.

பந்தல் வந்தது. நாலு கால், மேலே உத்தரங்கள், அதற்கு மேல் வெளிச்சம் விடுகிற ஷீட். தினமும் போய்த் தட்டிப் பார்த்து ரசித்தேன். மழையும் வந்தது. ஒரு காலையில் கெம்பையன் தன் மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"மல்லப்பன் சார், ஸ்வல்ப மேல வாங்க."

போனேன். அவருடைய உத்தரங்கள் வாழைப்பூ மாதிரி மடல் மடலாக விரிந்து கிடந்தன. ஒன்று கீழேயே விழுந்திருந்தது.

"ஏன் சார் இப்படி?"

"காத்து" என்றேன்.

"காத்தா?"

"மேல்காத்து. மேல்காத்துக்கு எதுவும் நிக்காது."

மனுஷன் அதையும் நம்பினார். நான்தான் திரும்பி என் மாடியைப் பார்த்தேன். அதே கடை, அதே மரம், அதே வெள்ளை. என் வீட்டிலும் அதுதானே நிற்கிறது! அதன் அடியில்தான் பஞ்சவர்ணம் காலையில் துணி காயப் போடுகிறாள். சாயங்காலம் காப்பி குடிக்கிறாள். ஒரு உத்தரம் அவள் தலையில் விழுந்தால்? அவள் இல்லாவிட்டால் என் பனியன் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அதற்காக மட்டும் சொல்லவில்லை. அவள் மேல் எனக்கு உயிர். அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்தான் எங்கள் வீட்டில் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் கொள்ளேகால், அனூர் வரைக்கும் அவள் சொந்தக்காரர்கள் கூடிச் சிரிப்பார்கள். அதனால் பக்கெட்டைப் பிடுங்கினேன்.

"குடு, நான் காயப் போடறேன்."

"நீங்களா? என்னுங்க ஆச்சு உங்களுக்கு?"

"உனக்கு முட்டி வலின்னியே."

"அது போன வருஷமுங்க."

"மறுபடி வந்துடும். நீ மாடிப்படியே ஏறக் கூடாது."

அன்று பிடித்தது சனி. துணி என் வேலை. பூந்தொட்டிக்குத் தண்ணீர் என் வேலை. மிளகாய் காய வைப்பது, மழை வந்தால் ஓடிப்போய் அள்ளுவது, எல்லாம் என் வேலை. என் தலைக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டுமே என்று ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனேன்.

"ஏனுங்க, துணி காயப் போட எதுக்குங்க ஹெல்மெட்?"

"காக்கா கொத்துது."

தெருவே நின்று பார்த்தது. ஹெல்மெட் போட்ட ஒருவன் மாடியில் சேலை பிழிவதை அவர்கள் வேறு எங்கே பார்க்க முடியும்? கீழேயிருந்து பஞ்சவர்ணம் காப்பியை உறிஞ்சிக்கொண்டே உத்தரவு போடுவாள்.

"நல்லா உதறுங்க! சுருக்கம் நிக்குது!"

உதறினேன். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேய்க்காற்று அடித்தது. பந்தல் மேலே ஷீட் படபடவென்று அடித்துக்கொண்டது. இனித் தாங்காது என்று கணேஷ்குமாரிடம் ஓடினேன்.

"எப்படியாவது பந்தலைச் சத்தமில்லாமக் கழட்டிடுங்க. பஞ்சவர்ணத்துக்குத் தெரியக் கூடாது."

"எதுக்கு சார் கழட்டணும்?"

"கெம்பையன் வீட்டு மரம் பிரிஞ்சு போச்சுய்யா! அதே வெள்ளைதானே என் வீட்லயும்?"

கணேஷ்குமார் சிரிக்க ஆரம்பித்தார். "உங்க வீட்டுக்குப் போனது வெள்ளை இல்ல சார். கறுப்புக் கோடு."

"என்னது?"

"நீங்க ஆர்டர் கொடுத்த மறுநாளே மேடம் வந்தாங்க. உங்க சாம்பிள் துண்டைப் பழைய குக்கர்ல போட்டு மூணு விசில் விட்டாங்களாம். மடல் மடலாப் பிரிஞ்சதை என் மேசையில வெச்சு, 'மூணு விசில் தாங்காதது மழையை எப்படிங்க தாங்கும்?'னாங்க. கறுப்புக் கோட்டையும் வேக வைக்கணும்னாங்க. மருந்து ஏத்தின மரத்தை வீட்டு அடுப்புல வைக்காதீங்கன்னு நானே இங்க அண்டாவுல கொதிக்க வெச்சுக் காட்டினேன். அந்தக் கறுப்புப் பசை தண்ணிக்கு விடாது, ஒரு மயிரிழை பிரியலை. அந்தப் பச்சை உள்ளே வரைக்கும் ஏத்தின மருந்து சார், மரம் மக்காது, கரையான் கிட்ட வராது. நீங்க கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் காப்பிக் கலர்."

அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பஞ்சவர்ணத்தின் தலைக்கு ஆபத்தில்லை. அத்தனை நாள் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வழியில் மல்லிகைப்பூ வாங்கினேன். வீட்டுக்கு வந்து, ஹெல்மெட் இல்லாமல் மாடிக்கு ஏறி, பந்தல் காலை ஆசை தீரக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. கீழே இறங்கினேன்.

"ஏம் புள்ள, பந்தல் விழாதுன்னு உனக்குத் தெரியும்?"

"தெரியுங்க."

"நான் பயந்துக்கிட்டுத்தான் துணி காயப் போட்டேன்னும் தெரியும்?"

"தெரியுங்க."

"ஏன் சொல்லலை?"

"மரத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும், பேசாம இருன்னீங்க. இருந்தேன்." பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்காக ஒரு ஆள் இத்தனை பயப்படறதைப் பாக்க நல்லாத்தான் இருந்துச்சுங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை. "சரி, விடு. அந்தக் கெம்பையனுக்காவது சொல்லியிருக்கலாமில்ல?"

"ரங்கம்மாகிட்டச் சொன்னனுங்க. அவங்க வீட்டுக்காரர்தான் 'மல்லப்பன் சார் சொன்னா சரி'ன்னு ஒரே பிடியா நின்னுட்டாராம்."

"ம்... நாளையிலிருந்து நீயே காயப் போட்டுக்கோ."

"நம்ம துணியை நான் போட்டுக்கறனுங்க."

"நம்ம துணியைன்னா?"

"பாவம், உங்க பேச்சைக் கேட்டு அவங்களுக்குக் காயப் போட இடமில்லை. வேற பந்தல் போடற வரைக்கும் நம்ம மாடியில போட்டுக்கச் சொல்லியிருக்கேன். ரங்கம்மாவுக்கு நிஜமாவே முட்டி வலிங்க."

காலிங் பெல் அடித்தது. திறந்தேன். கெம்பையன் மனைவி ரங்கம்மா, இரண்டு கையிலும் இரண்டு பக்கெட்.

"பெட்ஷீட்டை நல்லா உதறிப் போடுங்க அண்ணா. உங்களை மாதிரி உதற இந்த வீதியிலேயே ஆள் இல்லைன்னு அக்கா சொன்னாங்க."