ஒட்டாவாவும் நம் வீட்டு வாசல் தேங்காயும்

தெங்கன்விளை,
1935 அக்டோபர், திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான அண்ணன் அவர்களுக்கு, தங்கை தேவகனி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் பசுவும் சுகம். அங்கே நீங்கள் சுகமாயிருக்கவும் மைனியின் மூட்டுவலி குறையவும் தினமும் ஜெபிக்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக முன்வாசல் கதவைத் திறந்தேன். தேங்காய்கள் உள்ளே உருண்டு வந்தன. ஒன்று என் கால் கட்டைவிரலில் ஏறியது. மற்றவை அப்பா படத்துக்குக் கீழே போய் வரிசையாக நின்றன. விரலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தேன். சனிக்கிழமை காரில் வருவதாகவும், வளைவும் மாலையும் ஏற்பாடு செய்யும்படியும் எழுதியிருந்தீர்கள். அடுத்த தேர்தலுக்கும் நான் போன தடவை போல வீடு வீடாகப் போகவேண்டும் என்றும், ஜனங்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரியப்படுத்தவேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஜனங்கள் நினைப்பதுதான் வாசலில் குவிந்து கிடக்கிறது.

இது பத்திரிகையில் தொடங்கியது. கனடா தேசத்து ஒட்டாவாவில் பெரிய மனிதர்கள் கூடி, சாம்ராஜ்யத்து நாடுகள் ஒன்றின் சரக்குக்கு மற்றொன்று சுங்கத்தில் சலுகை தரவேண்டும் என்று ஒப்பந்தம் எழுதினார்கள் அல்லவா? அன்றுமுதல் கொழும்புக் கொப்பரை மலிவாக வந்து இறங்குகிறது, நம் கொப்பரையைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை என்பதுதான் இங்கே எல்லார் பேச்சும். சட்டசபையில் இதைப் பற்றிப் பேசுவீர்கள் என்று சொல்லித்தானே ஓட்டுக் கேட்டோம். கொப்பரைக் களம் வைத்திருக்கும் ரத்தினம், தன் வேலையைப் போட்டுவிட்டு என்னோடு ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தாள். ஆகவே சட்டசபை கூடினால் ஊரே பத்திரிகைக்குக் காத்திருக்கும். போன கூட்டத்தின் செய்தியை, ஆலயத்தில் ஏலம் கூறும் ஜெயசிங் சாயாக் கடையில் உரக்க வாசித்தார். அங்கத்தினர் செல்வதாஸ், அதாவது நீங்கள், எழுந்து, சபையின் மின்விசிறிகள் வேகமாகச் சுற்றுவதால் காகிதங்கள் பறப்பது சர்க்காருக்குத் தெரியுமா என்று கேட்டாராம். தெரியும் என்று பதில் வந்ததாம். அங்கத்தினர் உட்கார்ந்தாராம். ஜெயசிங் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் பல்பொடி விளம்பரம் இருந்தது.

நான் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. காகிதம் பறந்தால் ஒட்டாவாக் காகிதமும் பறக்கும், ஆகையால் அண்ணன் முதலில் விசிறியை நிறுத்துகிறார், பிறகு ஒப்பந்தத்துக்கு வருவார் என்று சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது. சும்மா இருந்திருக்கலாம், படித்தவள் புத்தி, பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தைக் கொண்டுவந்து விரித்து ஒட்டாவாவைக் காட்டினேன். ரத்தினம் குனிந்து பார்த்துவிட்டு அங்கே தெங்கு நிற்குமா என்று கேட்டாள். நிற்காது, பனி பெய்யும் என்றேன். பின்னே தேங்காய்க் காரியம் பேச நம் பக்கத்து ஆளாக யார் போனது என்றாள். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று அறுப்பின் பண்டிகை. நம் ஆலய வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. காணிக்கையாக வந்த எந்தப் பொருளானாலும் ஏலத்தில் முதல் விலை நம் வீடுதான் சொல்லவேண்டும், கடைசிப் பொருளும் ஏலம் போகாமல் போதகர் ஆசீர்வாதம் கூறக்கூடாது. மற்ற வருஷங்களில் நான் பேருக்கு ஒன்று சொல்வேன், உடனே நாலு பேர் மேலே கேட்பார்கள், ஒரு முட்டை கோழி விலைக்குப் போகும். நேற்று ஒருவர்கூட முட்டை கொண்டுவரவில்லை. பூசணி இல்லை, வாழைக்குலை இல்லை, சேவல் இல்லை. பிரசங்க பீடத்தின் படிவரை தேங்காய். ஜெயசிங் முதல் குவியலைக் காட்டி, மெம்பர் வீட்டு விலை என்ன என்றார். சொன்னேன். ஒரு தரம் என்றார். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். இரண்டு தரம் என்றார். குழந்தைகளும் கூரையைப் பார்த்தன. மூன்று தரம், குவியல் உங்கள் பேரில் விழுந்தது. அடுத்த குவியலும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. விலையைக் குறைத்துச் சொல்லிப் பார்த்தேன், ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. போதகருக்கோ பசி. என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கோ, இருபது வருஷம் பிள்ளைகளை வாயை மூடு, வாயை மூடு என்று சொன்னவளுக்கு, ஒரு ஊரே வாயை மூடினால் எப்படி இருக்கும் என்று நேற்றுதான் தெரிந்தது. கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே, வண்டிக்கூலிகூட வாங்காமல், அத்தனை தேங்காயையும் சுமந்துகொண்டுவந்து நம் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

இன்று காலை ரத்தினம் வந்தாள். வாசலில் கால்வைக்க இடமில்லாமல் குவியலின் மேலேயே உட்கார்ந்தாள். அவள் மகள் ஜெபகுமாரி போன மாதத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள், கொப்பரை விற்காததால். என் வகுப்பில் அவ்வளவு கெட்டிக்காரி வேறு இல்லை. இதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அதைச் சொல்லவே இல்லை. தேங்காய் யோசனை உன்னுடையதுதானா என்று கேட்டேன். ஒளிக்கவில்லை.

"எனக்கு ஓட்டுக் கெடையாது டீச்சரம்மா, அம்புட்டு வரி நான் கெட்டல்ல. தேங்காதான் உண்டு. அதப் போட்டேன்."

ஒப்பந்தம் எழுதியவர்கள் ஒட்டாவாவில் இருக்க, அண்ணன் என்ன செய்வார் என்றேன்.

"அவிய நமக்க மொகத்தப் பாத்ததில்ல. ஒங்க அண்ணன் பாத்தாருல்லா? பேசுவாருன்னு சொன்னது நீங்க. ஒங்ககூட நடந்தது நானு. இப்பம் அந்த வீட்டுப் பெண்டுவ எனக்க மொகத்தப் பாத்து கேக்குது, நான் எங்கின போய் மொகத்த வைக்க?"

அவள் போகும்போது ஒரு தேங்காயை எடுத்து, இது கறிக்கு ஆகும் என்று மடியில் கட்டிக்கொண்டு போனாள்.

மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. சனிக்கிழமை தாராளமாக வாருங்கள். வளைவுக்கு வேண்டிய மட்டும் குருத்தோலை தருகிறார்களாம். பூவுக்குத்தான் கஷ்டம், மாலையைத் தேங்காயாகவே கோத்துவிடலாமா என்று ஜெயசிங் கேட்கிறார். மின்விசிறி கொண்டுவர வேண்டாம், இங்கே காற்று உண்டு. தேர்தல் விஷயமாக நீங்கள் சொன்னபடியே வீடு வீடாகப் போவேன். ஆண்டவர் உங்கள் காரையும் களியக்காவிளை ரோட்டையும் ஒருசேரக் காப்பாராக. மைனிக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தங்கை,
தேவகனி.

பின்குறிப்பு: வீடு வீடாகப் போவேன் என்று மேலே எழுதியதை மாற்றவில்லை. உங்கள் பேரைச் சொல்லிப் போகமாட்டேன், அவ்வளவுதான். அடுத்த தேர்தலில் இந்த இடத்துக்கு நானே நிற்கிறேன். இதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை, ரத்தினத்திடம்கூட. சொன்னால், சபையில் எழுந்து பேசுவியளா என்றுதான் முதலில் கேட்பாள். அதற்காக இந்தக் கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டு, அப்பா படத்துக்குக் கீழே வரிசையாக நிற்கிற தேங்காய்களுக்கு முன்னால் எழுந்து நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குரல் நடுங்குகிறது, ஆனாலும் உட்காரவில்லை.