மயில்கழுத்துத் தண்ணீர்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்குத் தெற்கே பாலாற்றங்கரையில் முப்பத்தொரு வீடுகள் இருக்கின்றன. அரசாங்க ஏடுகளின்படி அவை இல்லை. நிலம் ஆற்றுப் புறம்போக்கு. புறம்போக்கில் வீடு இருக்கக் கூடாது. ஆகவே அங்கே மின்கம்பம் நடவேண்டிய அவசியமும் எழவில்லை. இல்லாத வீட்டுக்கு யார் விளக்குப் போடுவார்கள்?

ஆனாலும் அரசாங்கத்துக்கு இரக்கம் உண்டு. கம்பம் நட்டால் நிலத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். சூரியப் பலகையோ கூரைமேல் உட்காருவது. கூரை நிலத்தில் இல்லை, அந்தரத்தில் இருக்கிறது. அந்தரம் புறம்போக்கில் சேராது. சட்டப் பிரிவு இவ்வாறு கருத்துத் தெரிவித்ததும் வீட்டுக்கொரு பலகை வந்தது. பின்னாலேயே ஒரு ஆழ்துளைக் கிணறு, வெயிலில் ஓடும் மோட்டார், தண்ணீரை வடிகட்ட மணல் தொட்டி ஒன்று, கரித் தொட்டி ஒன்று, கிருமி கொல்ல ஒரு ஊதா விளக்கு எல்லாம் வந்தன. இத்தனைக்கும் சேர்த்து ‘மின்கட்டமைப்பு சாராக் குடும்பங்களுக்கான சூரியசக்தி நீரேற்று மற்றும் நீர்த்தூய்மைப் பெருந்திட்டம்’ என்று பெயர். பெயர்ப்பலகை மோட்டார் அறையைவிடப் பெரியது. மழை வந்தால் ஆடுகள் அதன் கீழேதான் ஒதுங்கும்.

பெருந்திட்டத்துக்கு ஒரு தற்காலிக நீர்த்தரப் பதிவாளர் தேவைப்பட்டார். வடிவு நியமிக்கப்பட்டாள். ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரியில் வேதியியல் படித்தவள். அந்த முப்பத்தொரு வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். தினமும் காலை பத்து மணிக்குக் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, மணம், சுவை, நிறம் என்று மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். சம்பளம் கொடுக்காவிட்டாலும் அவள் இதைச் செய்திருப்பாள். அவள் மகள் அபிக்கு நாலு வயது. அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள். காலையில் எழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள்.

முதல் மாதமே படிவம் திரும்பி வந்தது. மின் இணைப்பு எண் எழுதப்படவில்லையாம். வடிவு காஞ்சிபுரத்துக்குப் போய் உதவிப் பொறியாளர் மாணிக்கவாசகத்தைப் பார்த்தாள்.

“சார், மின்சாரம் இல்லாத வீடுங்களுக்குத்தானே இந்தத் திட்டம்? எண்ணுக்கு எங்க போறது?”

“கட்டம் இருக்குதேம்மா. கட்டம் இருந்தா நிரப்பணும்.”

“எங்களுக்குக் கரண்ட்டே சூரியன்கிட்ட இருந்துதான் சார் வருது.”

மாணிக்கவாசகம் கண்ணை மூடி யோசித்தார். “சூரியன் எத்தனை?”

“ஒண்ணு.”

“ஒண்ணுன்னு போடு.”

அன்றிலிருந்து அந்த ஊரின் மின் இணைப்பு எண் ஒன்று.

அடுத்த சிக்கல் நிறக் கட்டத்தில் வந்தது. குடியிருப்புக்கு இரண்டு வயல் தள்ளி வீரபாகுவின் சாயப்பட்டறை. பட்டு நூலைத் தோய்த்து அலசிய தண்ணீர் கால்வாயில் போய், மண்ணில் இறங்கி, மூன்றாம் நாள் ஆழ்துளைக் கிணற்றுக்கு வந்துவிடும். பட்டறையில் நூல் அலசுகிறவள் பெரியநாயகி. அவள் குடத்தோடு குழாயடிக்கு வந்து, தண்ணீரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஞ்சாங்கம் படிப்பதுபோலச் சொல்வாள்:

“இன்னிக்கு மயில்கழுத்துடீ. திங்கக்கிழமை நான் அலசின நூலு.”

பட்டு ஊரில் வெறும் பச்சை, வெறும் சிவப்பு என்று நிறம் கிடையாது. கிளிப்பச்சை உண்டு, அரக்கு உண்டு, வாடாமல்லி உண்டு. வடிவும் அந்த ஊர்ப் பெண்தான். கண்டதைக் கண்டபடி எழுதினாள். திங்கள், அரக்கு. செவ்வாய், மாம்பழம். புதன், மயில்கழுத்து.

பத்தாம் நாள் மாணிக்கவாசகத்திடமிருந்து அழைப்பு வந்தது.

“என்னம்மா இது, தண்ணியில மயில்கழுத்துன்னு எழுதியிருக்கே?”

“ஆமா சார். தெளிவா தெரிஞ்சுது.”

“மயில் தேசியப் பறவை, தெரியுமில்ல? அதோட கழுத்து குடிநீர்த் தொட்டிக்குள்ள எப்படி வந்துது?”

“ஐயோ சார், அது கலரு! புடவைக் கலரு!”

“கலர்னா கலர்னு எழுதணும். நீ கழுத்துன்னு எழுதியிருக்கே. கோப்பு வனத்துறைக்குப் போயிடுச்சு. இனிமே என் கையில இல்ல.”

வனக் காவலர் மணிவண்ணன் தொலைநோக்கியோடு வந்து மூன்று நாள் தொட்டியருகே உட்கார்ந்தார். தாகத்துக்குப் பாட்டில் தண்ணீர் கையோடு கொண்டுவந்திருந்தார். ‘மேற்படி பகுதியில் கழுத்தில்லாத மயில் எதுவும் காணப்படவில்லை’ என்று அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார். மாம்பழக் கோப்பு தோட்டக்கலைத் துறைக்குப் போயிருந்தது. மரம் ஒட்டா நாட்டா என்று அங்கிருந்து விளக்கம் கேட்டார்கள்.

இந்தக் குழப்பம் இனி நேராதிருக்க ‘நீர்நிற நெறிப்படுத்தல் குழு’ அமைக்கப்பட்டது. நிறம் அறிந்த வல்லுநர் ஒருவர் குழுவில் வேண்டும் என்று விதி. மாவட்டத்தில் நிறத்தைப் பற்றி வீரபாகுவுக்கு மேல் யாருக்குத் தெரியும்? அவரையே போட்டார்கள். அவரும் பெரிய மனதோடு தம் பட்டறையின் நிற அட்டையைக் குழுவுக்கு இலவசமாகக் கொடுத்தார். அட்டையில் உள்ள நிறங்கள் அனைத்தும் ஏற்கத்தக்கவை என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது. அதற்கப்புறம் வடிவு ‘அரக்கு, ஏற்கத்தக்கது’ என்று எழுதினாள். வனத்துறை நிம்மதியாக இருந்தது.

வடிவு கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கரியை மாற்ற வேண்டும் என்று தொட்டியின்மேலேயே அச்சடித்திருந்தது. ஒன்றரை வருஷமாக மாற்றவில்லை. பதினொரு கடிதம் எழுதினாள். நேரிலும் போனாள்.

“கரி அழுக்காயிடுச்சா?” என்றார் மாணிக்கவாசகம்.

“கன்னங்கரேல்னு இருக்குது சார்.”

“கரி கருப்பாத்தாம்மா இருக்கும்.”

“அது இல்ல சார். அதுக்குமேல அழுக்கைப் பிடிக்க அதுக்குச் சக்தி இல்ல. தண்ணி கலராவே வருது.”

“அப்போ அழுக்கு இருக்குது, கரி போராடிக்கினு இருக்குது. போராடிக்கினு இருக்கிறவனை எதுக்கு மாத்தறது?”

வடிவு ஊருக்குத் திரும்பினாள். அபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் நாட்டில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. கல்யாணப் பெண்களுக்கு அரக்கு பிடிக்காமல் போயிற்று. எங்கோ யாரோ ஒரு மணப்பெண் சாயம்போன மாதிரி ஒரு புடவையைக் கட்டிப் படம் போட்டாளாம். அதை எல்லாரும் போனில் பார்த்தார்களாம். கடைத்தெருவில் வந்து இறங்கும் கார்களிலெல்லாம் ஒரே கேள்வி: “பேஸ்டல் இருக்குதா?”

“பல்லு வெளக்குற பேஸ்ட்டு கலரா?” என்று குழாயடியில் பெரியநாயகியைக் கேட்டார்கள்.

“அதேதான்னு வெச்சிக்கோயேன். முன்னெல்லாம் பத்து தண்ணி போட்டாலும் போவாத சாயம் வேணும்பாங்க. இப்போ கடையிலேயே பத்து தண்ணி போட்டாப்போல வேணுமாம். காலம்டீ!”

குழாயில் தண்ணீர் வெளுத்தது. அரக்கு போய் ரோஜாவாயிற்று, ரோஜா போய் அவல் வெள்ளையாயிற்று, கடைசியில் ஒன்றுமே இல்லாமலாயிற்று. வெயிலில் தூக்கிப் பிடித்தால் டம்ளருக்கு அந்தப் பக்கம் ஆடு தெரிந்தது. மாணிக்கவாசகம் பதிவேட்டைப் பார்த்துப் பூரித்துப் போனார். ‘திட்டத்தின் தொடர் கண்காணிப்பால் நீரின் நிறம் படிப்படியாக ஒழிக்கப்பட்டது’ என்று தலைமையகத்துக்கு எழுதினார். சிறந்த குடிநீர்த் திட்டம் என்று விருது அறிவித்தார்கள்.

அபியின் வயிற்றுவலி மட்டும் அதிகமாயிற்று. வடிவு ஒரு பாட்டில் தண்ணீரைத் தன் பழைய கல்லூரிக்கு எடுத்துப்போய்ச் சோதித்து, முடிவை ஒரு கோப்பில் போட்டு மாணிக்கவாசகத்திடம் கொண்டுவந்தாள்.

“சார், வெளிர்க் கலர் ஏறணும்னா பட்டு நூலை முதல்ல நல்லா வெளுக்கணும். வெளுப்பு மருந்து முன்னைவிட நிறைய போடறாங்க. மருந்துக்குக் கலர் கெடையாது. முன்னாடி கெட்டது கண்ணுக்குத் தெரிஞ்சுது. இப்போ தெரியல, அவ்ளோதான்.”

“தெரியாததை எந்தக் கட்டத்துலம்மா எழுதறது?”

“கட்டம் இல்ல சார். அதான் கேக்கறேன், கரியாவது...”

“தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குது. இப்போ போயி கரி மாத்தினா, விருதுக்கு முன்னாடி அழுக்கு இருந்துதுன்னு நாமளே ஒத்துக்கினாப்போல ஆயிடாது?” அவர் குரலைத் தணித்தார். “நீ தற்காலிகம். அதையும் மறந்துடாதே.”

அன்று வடிவு ‘நிறம்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அது பொய் இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

விருது விழா குடியிருப்பிலேயே நடந்தது. மோட்டார் ஓடிக் காட்ட வேண்டும் என்பதால் உச்சி வெயிலில் வைத்தார்கள். வீரபாகு வீட்டுக்கொரு வெளிர்ப் பட்டுப்புடவை கொடுத்திருந்தார். நெய்ததில் ஏதோ ஒரு இழை தவறியவைதான், ஆனாலும் பட்டு. அபிக்குச் சந்தன நிறத்தில் ஒரு பாவாடை.

“வாங்கிக்கடீ,” என்றாள் பெரியநாயகி. “உன் பேப்பரை இன்னொரு நாளைக்கு நீட்டு. குடுக்கிற கையைத் தட்டிவிடாதே. எனக்கும் அங்கதான் வேலை.”

வடிவு வாங்கிக்கொண்டாள். கட்டியும் கொண்டாள். ஆனால் சோதனை முடிவு இருந்த கோப்பையும் கையில் எடுத்துப் போனாள்.

தலைமையகத்திலிருந்து வந்த மேலதிகாரி அம்மையார் வெளிர் இளஞ்சிவப்புப் பட்டில் மேடை ஏறினார். மேடையில் ஒவ்வொருவர் முன்னாலும் மூடி திறக்காத பாட்டில் தண்ணீர். வடிவு துணிந்து போய்க் கோப்பை அவர் கையில் கொடுத்தாள். “மேடம், இதை ஒருதரம் படிக்கணும்.” அம்மையார் அன்போடு வாங்கி, வெயில் கடுமையாக இருந்ததால், அதையே விசிறியாக்கிக்கொண்டார்.

பிறகு படம் எடுக்கும் கட்டம். குழாய்த் தண்ணீர் நிறைந்த டம்ளரை அம்மையார் வாயருகே கொண்டுபோனார். உதட்டில் படவில்லை.

“குடிக்கிறாப்போல கொஞ்சம் சாய்ங்க மேடம்,” என்றார் புகைப்படக்காரர்.

சாய்த்தார். அரை டம்ளர் மடியில் கொட்டியது.

சபை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளஞ்சிவப்பு மடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு பூத்தது.

“என் புடவை!” என்று அம்மையார் எழுந்தார். “என்ன தண்ணி இது?”

மாணிக்கவாசகம் வாயைத் திறந்தார்; கட்டம் எதுவும் கிடைக்கவில்லை. பெரியநாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து திட்டை விரலால் தடவி முகர்ந்தாள்.

“வெளுப்பு மருந்தும்மா. தெனம் நான் அலசறதாச்சே, எனக்குத் தெரியாதா?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே சந்தேகம் வந்து தன் இடுப்பைப் பார்த்தாள். விழாவுக்குத் தண்ணீர் எடுத்து வந்தபோது குடம் வைத்த பக்கம் வெளுத்திருந்தது. முப்பத்தொரு பெண்களும் இடுப்பைப் பார்த்தார்கள். அதன்பின் எழுந்த கூச்சல் ஓரிக்கை மணிமண்டபம் வரை கேட்டதாம். நாற்காலிகள் பறந்தன. பந்தல் சாய்ந்தது. “எங்க புடவைக்கு பதில் சொல்லுய்யா!” என்று வீரபாகுவைச் சுற்றி வளைத்தார்கள். இரண்டு வருஷம் வயிற்றில் ஊற்றிக்கொண்டபோது வாய் திறக்காத ஊர் அது.

வடிவும் கத்தினாள். கரியைப் பற்றித்தான் கத்த ஆரம்பித்தாள். பாதியில் தன் முந்தானை கண்ணில் பட்டது. கரி மறந்துபோயிற்று.

பதினொரு கடிதத்துக்கு அசையாத அரசாங்கம் அன்று நாலு மணிக்குள் அசைந்தது. அவசரச் சுற்றறிக்கை வந்தது. வீரபாகு முப்பத்தொரு வீட்டுக்கும் வேறு புடவை தர வேண்டும் என்று உத்தரவு, தந்தார். மோட்டார் அறையின்மேல் புதிதாக ஒரு பலகை மாட்டினார்கள்:

‘எச்சரிக்கை. இந்த நீரைப் பட்டாடைகள்மேல் படவிடக் கூடாது. இது குடிப்பதற்கு மட்டும்.’

கரி கேட்டு வந்த கடிதங்கள் இத்துடன் முடித்துவைக்கப்படுவதாகச் சுற்றறிக்கையின் கடைசி வரி சொன்னது. அதை யாரும் படிக்கவில்லை. ஊருக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை வடிவு பதிவேட்டை எழுதி முடித்து வீட்டுக்கு வந்தாள். அபி புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, தாகமா இருக்குது.”

வடிவு ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். கொடுக்கப்போனவள் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“இரும்மா,” என்றாள். “மடியில துண்டைப் போட்டுக்கினு குடி. பாவாடை கெட்டுப்போயிடும்.”