ஒரே திறப்பில் ஆறு மாத்திரை

மேட்டூர் அணைக்கு அடுத்தபடியாகக் காவிரிப் படுகையின் நீர் நிர்வாக வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கப்பட வேண்டியது, வலங்கைமானுக்குப் பக்கத்தில் வைத்தியலிங்கம் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டப்பா. அவர் மனைவி ஞானாம்பாளின் மாத்திரைகள் அதற்குள்தான் இருந்தன. டப்பாவைத் திறக்கும் அதிகாரம் ஞானாம்பாளுக்கு இல்லை. அவள் வெறும் 'பயனாளி'.

வைத்தியலிங்கம் முப்பத்து நாலு வருஷம் வாய்க்கால் ஷட்டர்களைத் திறந்து மூடிய லஸ்கர். ஓய்வு பெற்ற மறுநாள், திறக்கவும் மூடவும் ஒன்றுமில்லாமல் கை பரபரத்தது. நல்லவேளையாக மனைவிக்குத் தைராய்டு வந்தது. ஏற்கெனவே பிரஷர், வாயு, முட்டிவலி, சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து என்று ஐந்து மாத்திரைகள் இருந்தன. இதோடு ஆறு. சீட்டில் ஆறுக்கும் ஆறு வேளை போட்டிருந்தது. அனுபவமுள்ள அலுவலருக்கு அது பொறுக்கவில்லை.

"ஒரு நாளைக்கு ஆறு தடவை திறந்து மூடினா எந்த நிர்வாகம் உருப்படும்? காலையில அஞ்சரைக்கு ஒரே திறப்பு. மொத்தத்தையும் விட்டுடணும். உள்ள போயி அதுபாட்டுக்குப் பிரிஞ்சு அங்கங்க பாஞ்சுக்கும்."

"என்னங்க, தைராய்டு மாத்திரைய வெறும் வயித்துலன்னு போட்டிருக்கு."

"வெறும் வயித்துலதானே குடுக்குறேன்?"

"காபியோடல்ல குடுக்குறீங்க."

"காபி என்ன சோறா? இந்த ஜில்லாவுல காபி குடிச்சவன எவனாவது சாப்பிட்டுட்டான்னு சொல்லியிருக்கானா?"

தவிர, தண்ணீரைவிடக் காபிக்கு 'ஓட்டம்' அதிகம் என்பது அவருடைய பொறியியல் முடிவு. ஆகவே தினமும் அவள் நொண்டிக்கொண்டே எழுந்து போய் இரண்டு டம்ளர் காபி கலப்பாள். அவர் தம்முடைய டம்ளரை வாங்கிக்கொண்டு, அவள் உள்ளங்கையில் ஆறு மாத்திரைகளைக் கொட்டுவார். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். பிறகு நோட்டில் எழுதுவார்: 'திறப்பு 5.30. மூடல் 5.31.' புயலடித்து நாலு நாள் கரண்ட் இல்லாதபோதும் அந்த நிர்வாகம் ஒரு நாள் தவறியதில்லை.

தவறியது ஒன்றே ஒன்றுதான். ஞானாம்பாளின் முட்டி ஆபரேஷன்.

தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, பஸ் படி ஏற ஒருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டாள். ஆனால் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு ஐந்துக்குள் இறங்கினால்தான் கத்தி வைப்போம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அது பதினெட்டில் நின்றது. கூட இருந்து பார்த்துக்கொள்ளச் சிங்கப்பூரிலிருந்து மகள் பூர்ணிமா இரண்டு தடவை லீவு போட்டாள். இரண்டு தடவையும் தேதி தள்ளிப்போனது. "தை மாசந்தாம்மா கடைசி. அதுக்கு மேல லீவு கேட்டா, இனிமே வரவே வேணாம்னு அனுப்பிடுவாங்க" என்றாள்.

பாபநாசத்து டாக்டரின் அறையில் நோயாளிக்கு ஒரு ஸ்டூல். கூட வருபவருக்குக் கை வைத்த நாற்காலி. டாக்டர் நாற்காலியைப் பார்த்துத்தான் பேசுவார்.

"அம்மாவுக்கு மாத்திரை ஒழுங்கா போகுதா சார்?"

"என் கையால குடுக்குறேன் டாக்டர். நோட்டு இருக்கு."

டாக்டர் நோட்டைப் புரட்டினார். நெகிழ்ந்துபோனார். "இப்படி ஒரு புருஷன் கிடைக்க அம்மா குடுத்து வச்சிருக்கணும்."

சீட்டில் தைராய்டு மாத்திரையின் அளவு ஏறியது. ஐம்பது எழுபத்தைந்து ஆயிற்று. எழுபத்தைந்து நூறு ஆயிற்று. நூறு, நூற்று இருபத்தைந்து. ரத்தத்தில் அந்தப் பதினெட்டு மட்டும் அசையவில்லை. ஒரு தடவை ஞானாம்பாள் வாயைத் திறந்தாள்.

"டாக்டர், அந்தக் காபி..."

"காபி தாராளமா குடிக்கலாம்மா" என்று டாக்டர் நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்காமலே கருணையோடு அனுமதித்தார். "சார், அம்மாவுக்குத் தூக்கமெல்லாம் எப்படி?"

"நல்லாத் தூங்குறா டாக்டர்" என்றார் வைத்தியலிங்கம். முட்டிவலியில் விடிய விடிய விழித்திருந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த சீட்டில் நூற்றைம்பது. அன்றைக்கு வைத்தியலிங்கத்துக்கு ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டம். ஆகவே மருந்து வாங்க ஞானாம்பாள் தனியாகக் கடைத்தெருவுக்குப் போக நேர்ந்தது. மெடிக்கலில் இருந்த பூவிழி சீட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"மாசா மாசம் ஏறிக்கிட்டே போகுதேம்மா. இத எதோட போடுறீங்க?"

ஞானாம்பாள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. கேள்வி அவளிடந்தான்.

"காபியோட. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து எல்லாம் சேர்த்து ஒரே முழுங்கு."

"ஐயையோ! காபியும் அந்த ரெண்டும் தைராய்டு மாத்திரையப் பாதியிலேயே புடிச்சு வச்சுக்கும்மா. உடம்புல சேரவே விடாது."

ஞானாம்பாள் பிறந்தது முத்துப்பேட்டைப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம். அவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"தலைமடைக்காரன் மறிச்சுக்கிட்டான்னு சொல்லு. மேல எவ்வளவு திறந்துவிட்டாலும் எங்க ஊருக்கு வராது."

"அதேதாம்மா! இருங்க, டாக்டருக்கு போன் போடுறேன். அளவ அவரே சொல்லட்டும்."

டாக்டர் போனிலேயே அளவைக் குறைத்தார். காலையில் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில், தனியாக. ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. சுண்ணாம்புச் சத்து மத்தியானம், இரும்புச் சத்து சாயங்காலம்.

வீட்டில் வைத்தியலிங்கம் குதித்தார். "முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்! எனக்கே திறப்பு சொல்லித் தர்றாளா, மெடிக்கல்ல நிக்கிற பொண்ணு?"

"முப்பத்து நாலு வருஷமா கடைமடைக்கு ஏன் தண்ணி வரலன்னு உங்கள நாலு ஊரு கேட்டுச்சே. அப்ப என்ன சொன்னீங்க?"

"நடுவுல மறிச்சுக்கிறானுவன்னு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். டப்பாவைப் பார்த்தார். மிகவும் தாழ்ந்த குரலில் நிர்வாகத்தின் ஒரே ஆட்சேபணையைப் பதிவுசெய்தார்.

"அப்ப என் அஞ்சரை மணிக் காபி?"

"டிகாக்ஷன் ஃபில்டர்ல இறங்கியிருக்கும். நீங்களே திறந்துவிட்டுக்குங்க."

எட்டு வாரத்தில் பதினெட்டு மூன்றாயிற்று. தை பதினெட்டில் ஆபரேஷன் என்று முடிவானது. பூர்ணிமா டிக்கெட் போட்டுவிட்டாள். டாக்டர் எழுந்து வைத்தியலிங்கத்தின் கையைக் குலுக்கினார். "எல்லாம் சாரோட ஒத்துழைப்பு!" வைத்தியலிங்கம் அடக்கமாகத் தலை குனிந்தார்.

பிறகு டாக்டர், அந்த அறையில் முதல்முறையாக, ஸ்டூல் பக்கம் திரும்பினார். குரலில் செல்லக் கண்டிப்பு.

"ஏம்மா, எல்லாத்தையும் காபியோடதான் போடுறேன்னு இத்தன மாசமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஞானாம்பாள் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"சொல்லியிருக்கலாந்தான் டாக்டர். என் உடம்பப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்."