ஜாக்கெட் பிட்டில் தைத்த மாஸ்க்

சாரம், பாண்டிச்சேரி

மரியாதைக்குரிய கண்ணையன் மச்சானுக்கு,

உங்கள் தங்கை புருஷன் பலராமன் கைகூப்பி எழுதிக்கொள்வது. ரெட்டியார்பாளையத்தில் நீங்களும் தனக்கொடி அக்காவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மூன்று வேளையும் தானே காய்ச்சிய கஞ்சியைக் குடிப்பவன் பொய் சொல்லக்கூடாது. கமலாவும் போனை எடுப்பதில்லை, நீங்களும் எடுப்பதில்லை. அதனால்தான் பால்காரர் கையில் இந்தக் கடிதம்.

நடந்ததைக் கமலா அழுதுகொண்டே சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள். கொரோனா ஊரடங்கு போட்டதும் மருந்துக் கடையில் மாஸ்க் தீர்ந்துவிட்டது. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள் என்று தெருவில் பேச்சு. காலமெல்லாம் மில்லில் துணியோடு கிடந்தவன் நான், சும்மா இருக்க முடியுமா? "நம்ம தெருவுக்கு நான் தைச்சுத் தரேன், அப்புறம் ஆஸ்பத்திரிக்கும் தரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மிஷின் இருக்கிறது, துணி இல்லை, துணிக்கடை எல்லாம் பூட்டு. கமலா மத்தியானம் அசந்து தூங்கும்போது பீரோவைத் திறந்தேன். உள்ளே அடுக்கடுக்காக ஜாக்கெட் பிட், எல்லாம் வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று தாம்பூலத் தட்டில் வந்தவை. எனக்குத் தெரிந்து அதில் ஒன்றையாவது அவள் தைத்துப் போட்டதில்லை. யாருமே தைக்க மாட்டார்கள், அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அப்படியே தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்பது, சத்தியமாக மச்சான், எனக்கு அதுவரை தெரியாது. வெட்டிவிட்டேன். எலாஸ்டிக்கும் கிடைக்கவில்லை. கொடியில் காய்ந்த பாவாடைகளிலிருந்து நாடாவை உருவிவிட்டேன்.

மறுநாள் காலை வீடு வீடாகக் கொடுத்தேன். எதிர்வீட்டு நிர்மலா கிளிப்பச்சை மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்ததும், பக்கத்து வீட்டு ஆயம்மா உற்றுப் பார்த்து, "உன் பொண்ணு காதுகுத்துக்கு நான் வச்சுக் குடுத்த பிட்டாச்சே இது! கமலா வூட்டுக்கு எப்பிடிப் போச்சு?" என்றாள். நிர்மலா திருதிருவென்று விழித்தாள். "கமலாவுக்குப் பேத்தி பொறந்தப்ப நான்தான் குடுத்தேன், அதுக்கென்ன? குடுத்ததை வெட்டி என் மூஞ்சியிலயே கட்டுவாங்களா?" என்று என் மேல் திருப்பினாள். சத்தம் கேட்டு வந்த கமலா சும்மா இருந்திருக்கலாம். "அடிப்பாவி ஆயம்மா! நான் காஞ்சிபுரம் போனப்ப உனக்குன்னு பாத்துப் பாத்து வாங்கியாந்தது ஆச்சே இது!" என்று கத்திவிட்டாள். இவள் வாங்கிய பிட் ஆயம்மா வீடு, நிர்மலா வீடு என்று சுற்றி இவள் பீரோவுக்கே வந்து படுத்திருக்கிறது. மடிப்புக் கலைக்காமல் உள்ளே வைத்தவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

மூன்று பேரும் இடைவெளி விட்டு அவரவர் வாசலில் நின்றுதான் சண்டை போட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மாஸ்க்கோடு திட்டினால் சரியாகக் கேட்கவில்லை என்று மூவரும் அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டார்கள். நான் நடுத்தெருவில் நின்று, "மூக்கை மூடுங்கம்மா, மூக்கை மூடிக்கிட்டுத் திட்டுங்க" என்று கெஞ்சினேன். அப்புறம் கமலா உள்ளே போய்க் குளித்துவிட்டு, கொடியிலிருந்து பாவாடையை எடுத்தாள் மச்சான். அதன் பிறகு நடந்ததை நான் எழுத மாட்டேன். பால்காரர் வண்டியில் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. என்னைத் திட்டக்கூட ஆள் இல்லாமல் பொழுது போகமாட்டேன் என்கிறது. இந்தக் காலத்தில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இருந்து, யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் என்ன பண்ணுவது என்று பயமாக இருக்கிறது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள். இனி கத்திரிக்கோலைத் தொட மாட்டேன், அந்தப் பீரோ பக்கமே போக மாட்டேன். என் நல்ல வேட்டியைக் கிழித்து நாடா தைத்து எல்லாப் பாவாடையிலும் கோத்து வைத்திருக்கிறேன்.

மணக்குளத்துப் பிள்ளையார் உங்கள் வீட்டில் எல்லோரையும் காக்கட்டும். தனக்கொடி அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தப்புக்குத் தலைகுனிந்து நிற்கும்
பலராமன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது நிர்மலாவும் ஆயம்மாவும் ராசியாகிச் சேர்ந்தே வந்தார்கள், ஆளுக்கொரு மூட்டை ஜாக்கெட் பிட்டோடு. "எங்க வூட்லயும் இதுங்க சும்மாதான் கெடக்குது. வெட்டுங்கண்ணா, ஆஸ்பத்திரிக்குக் குடுங்க" என்று வைத்துவிட்டுப் போனார்கள். கத்திரிக்கோலை மறுபடி எடுத்துவிட்டேன். நிர்மலா மூட்டையில் மேலாக ஒரு கத்திரிப்பூ நிற பிட், ஓரத்தில் அன்னம் போட்டது. போன தீபாவளிக்குத் தனக்கொடி அக்கா கடை கடையாக ஏறி இறங்கிக் கமலாவுக்கென்று வாங்கித் தந்தார்களே, அதேதான். அதை இன்னும் வெட்டவில்லை. நாளைக் காலை பால் வண்டியில் கமலா வந்தால் அவள் பீரோவில் பத்திரமாக வைத்துவிடுகிறேன். வராவிட்டால் மாஸ்க்காகத் தைத்துத் தனக்கொடி அக்காவுக்கே அனுப்பிவைக்கிறேன். இந்தப் பின்குறிப்பை மட்டும், அக்கா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, கமலாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.