மடியால் வண்டி பார்த்த சொம்பு மேஸ்திரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பேனா பிடித்ததைவிட ஸ்டியரிங் பிடித்ததுதான் அதிகம். அது ஒரு தயக்கம். இன்னொன்று, இவருடைய பெருமையைச் சொல்லவேண்டுமானால் ஊரே இவரைப் பார்த்துச் சிரித்ததையும் சொல்லியாக வேண்டும். ஒரு நல்ல மனிதரை அப்படி விட்டுக்கொடுக்கலாமா? போன கிருத்திகை அன்று முருகன் சந்நிதியில் நின்று கேட்டுக்கொண்டேன். சிரிப்பும் அவன் கொடுத்ததுதானே என்று மனசில் பட்டது. எழுதுகிறேன்.

உலகத்தில் உள்ள மெக்கானிக்குகள் காதால் வண்டி பார்ப்பார்கள். கையால் பார்ப்பார்கள். சிலர் மூக்காலும் பார்ப்பார்கள். மடியால் வண்டி பார்த்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் வண்டி ஷெட்டில் இருந்தார். பெயர் சொம்பு மேஸ்திரி. அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

அறுபதுகளின் தொடக்கம். டவுன்ஷிப்பில் பிளாக்குகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. சாலை ஓரத்தில் மரம் கிடையாது, மரத்துக்கு வைத்த கூண்டுதான் இருக்கும். அந்தச் சாலையில், ஓடும் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர் பித்தளைச் சொம்பில் விளிம்பு வரை தண்ணீரை நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். புதிதாக வந்தவர்கள் யாரோ தீர்த்தம் கொண்டுபோகிறார் என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார்கள்.

தண்ணீர் எந்தப் பக்கம் சிந்துகிறதோ அதுதான் நோய். "வவுத்துப் பக்கம் ஊத்துனா வண்டி பாயுது. முட்டிப் பக்கம் ஊத்துனா வண்டி தயங்குது. தொடை ஓரம் ஊத்துனா சக்கரத்துல கோளாறு. எங்கயும் ஊத்தலன்னா டிரைவரு வண்டிய ஸ்டார்ட்டே பண்ணலன்னு அர்த்தம்" என்பார்.

வண்டியை விட்டு இறங்கியதும் வேட்டியை விரித்து, நனைந்த இடத்தை டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். வேட்டிக்கு உடையவர் உள்ளே இருக்கும்போதே பார்ப்பார் என்பதுதான் சங்கடம்.

இதனால் அவர் ஈர வேட்டி இல்லாமல் இருந்ததே கிடையாது. ஒருமுறை கம்பெனி பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, காதோடு காதாக, "பெரியவரே, அவசரம்னா அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கலாமே" என்றான்.

"யோவ், சீக்கு எனக்கில்லய்யா, வண்டிக்கு!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார் மேஸ்திரி. பஸ்ஸுக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து முன்சீட்டுக்காரர் இருவர் இறங்கிப் போய்விட்டார்கள்.

வண்டிகளை உடம்பாகவும் உடம்பை வண்டியாகவும் பேசுவது அவர் வழக்கம். என்னிடம், "காலையில எழுந்ததும் இருமுறாளா? மேட்டுல ஏறச்ச மூச்சு வாங்குதா?" என்று நான் ஓட்டிய பிக்கப் வண்டியைப் பற்றிக் கேட்பார். அவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டபோது ஆஸ்பத்திரி டாக்டரிடம், "ரிவர்ஸ் எடுக்கச்சதான் டாக்டரு வலிக்குது, டாப் கியருல ஒண்ணும் தெரியல" என்று சொன்னார். டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால் கம்பவுண்டரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டாராம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அவருக்கு மட்டும் இல்லை, வண்டிக்கும். "இந்த ஊர் வெய்யிலுக்கு மனுசனே எண்ணெ வச்சிக்கினாத்தான் சூடு தணியுது. இவ நாள் பூரா நெருப்ப வவுத்துல வச்சிக்கினு ஓடறா. இவளுக்கு வேணாமா?" என்பார். பெரிய இயந்திரங்களிலிருந்து வடித்த பழைய ஆயிலைக் கந்தையில் தோய்த்து, பானெட்டைத் திறந்து, உச்சியிலிருந்து அடி வரைக்கும் இன்ஜினுக்குத் தேய்த்துவிடுவார். மற்ற வண்டிகளுக்கு எப்போதாவது. என் பிக்கப்புக்கு மட்டும் வாரம் தவறாது. அதற்குப் பித்த உடம்பாம். ஷெட்டில் யாரும் தடுக்கவில்லை. குளித்துவிட்டு வந்த வண்டி பளபளவென்று இருந்தது. தடுப்பானேன்?

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் அந்த ஷெட்டில் தற்காலிக டிரைவர். பர்மனென்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் பண்ருட்டியில் மாமனார் வீட்டில் இருக்கும் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துவர முடியும். மாமனார் முந்திரி வியாபாரி. பேச்சும் முந்திரித் தோல் எண்ணெய் மாதிரி, பட்ட இடம் கொப்புளிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இலையில் உட்கார வைத்துவிட்டுக் கேட்டார்.

"வண்டி எப்படி மாப்ள, நல்லா இழுக்குதா?"

"நல்லா இழுக்குதுங்க மாமா."

"இழுக்கும், இழுக்கும். ஒங்க பர்மனென்ட்டும்தான் நல்லா இழுத்துக்கினு கெடக்குது."

அன்று பலாச்சுளையை இலையோடு மூடிவிட்டு எழுந்தேன். உள்ளே இருந்த என் மனைவி வெளியே வரவும் இல்லை.

உண்மையில் அந்தச் சமயத்தில் வண்டி இழுக்கவில்லை. உதைத்தது. முதல் கியரில் கிளட்ச்சை விட்டால் கயிறு அறுத்த கன்றுக்குட்டி மாதிரி துள்ளும், நிற்கும், மறுபடி துள்ளும். கியர் மாற்றினால் கறகறவென்று அம்மி கொத்துகிற சத்தம். பின்னால் குழாய்களோடு நின்றுகொண்டு வந்த ஆட்கள் இறங்கும்போது, "டிரைவரண்ணே, நாளைக்கு நாங்க நடந்தே வந்துடறோம்" என்றார்கள். விபூதி பூசாமல் நான் அந்த ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். திருஷ்டி கழிந்ததே தவிர உதை கழியவில்லை.

போதாத காலம், ஷெட்டுக்குப் பொறுப்பான இன்ஜினியர் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து மைன்ஸுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் தொப்பி வழியில் கூரையை இடித்து மடியில் விழுந்தது. இறங்கும்போது அமைதியாகச் சொன்னார்.

"கிளட்ச்சை விடத் தெரியாத ஆளுக்கு நான் எப்படிப்பா பர்மனென்ட்டுக்கு எழுதறது? திங்கட்கிழமை மறுபடி வரேன். அன்னைக்கும் இப்படின்னா வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்."

வேறு ஆள் என்றால், நான் குள்ளஞ்சாவடி கூட்டு ரோட்டில் பழையபடி லோடு லாரிக்குக் காத்து நிற்கவேண்டும். என் மனைவி பண்ருட்டியிலேயே தலை குனிந்து இருக்கவேண்டும்.

ஷெட்டில் இன்ஜின் வேலை பார்ப்பவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிளக்கைத் துடைத்தார். "என் பக்கம் சுத்தம். உதைக்கறது கியர் பொட்டி" என்றார். கியர் வேலை பார்ப்பவர் கிளட்ச்சைச் சரிபார்த்தார். "என் பக்கம் சுத்தம். உதைக்கறது இன்ஜின்" என்றார். இரண்டும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது நான்தான் என்று இருவருமே என்னைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை காலை சொம்பு மேஸ்திரி சொம்போடு ஏறி உட்கார்ந்தார். "ஓட்டுடா தம்பி."

ஓட்டினேன். வண்டி துள்ளியது. தண்ணீர் வயிற்றில் அடித்தது, முட்டியில் அடித்தது, மறுபடி வயிற்றில். சொம்பில் பாதி காலி. மேஸ்திரி கண்ணைத் திறக்காமலே, "ரெண்டு பக்கமும் பேசறா, ரெண்டு பக்கமும் பேசறா" என்று முனகினார்.

பிறகு சொம்பை நிரப்பிக்கொண்டு, "இப்ப நியூட்ரல்ல வச்சு நல்லா முறுக்கு" என்றார். ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். இன்ஜின் தேன் மாதிரி உறுமியது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

"பாத்தியா? சும்மா குந்திக்கினு இருக்கச்ச நல்லாத்தான் இருக்கா. பாரம் தூக்கச்சதான் கத்தறா. இது வவுத்து நோவும் இல்ல, கால் நோவும் இல்ல. குந்தி எழுந்திரிக்கறப்ப நோவுதுன்னா என்னாடா அது?"

"இடுப்புங்க மேஸ்திரி."

"அதான். எனக்கு வந்ததேதான் இவளுக்கும்!" என்று குஷியாக இறங்கினார்.

பானெட்டைத் திறந்து இன்ஜின் தலையிலேயே சொம்பை வைத்தார். "பிரேக்க அழுத்திப் புடி. மொதல் கியர் போடு. கிளட்ச்ச கொஞ்சமா விடு" என்றார். விட்டேன். இன்ஜின் படுத்திருந்த மாடு எழுந்திருக்கிற மாதிரி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. சொம்பு உருண்டு கீழே போனது.

இன்ஜினை வண்டியின் அடிச்சட்டத்தில் தாங்குகிற ரப்பர் விட்டுப்போயிருந்தது. பாரம் ஏறியதும் இன்ஜின் எழும்புகிறது. எழும்பும்போது ஆக்ஸிலேட்டர் கம்பியைத் தானே இழுத்துக்கொள்கிறது. வண்டி பாய்கிறது. பாய்ந்ததும் இன்ஜின் கீழே விழுகிறது, வண்டி தயங்குகிறது. கூடவே கிளட்ச் கம்பியும் கியர் கம்பியும் இடம் மாறுகின்றன, அதனால் கறகற. உதையும் சத்தமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. ஷெட்டே கூடி நின்று "அட" என்றது. இன்ஜின்காரரும் கியர்காரரும் அந்த வாரத்தில் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேஸ்திரி வண்டிக்கு அடியில் புகுந்தார். வெளியே வந்தபோது விரல்களில் கறுப்பாக, அல்வா மாதிரி கொழகொழவென்று எதையோ வைத்திருந்தார். அதுதான் ரப்பர். முகர்ந்து பார்த்தார். பழைய ஆயில் வாசனை. வாரா வாரம் சூடு தணியத் தேய்த்து வழிந்த எண்ணெய் அத்தனையும் அங்கேதான் போய்த் தேங்கி ஊறியிருக்கிறது.

அதை இரண்டு விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் உள்ளே வந்தார். "என்ன மேஸ்திரி, கண்டுபிடிச்சாச்சா? டிரைவர்தானே?"

ரப்பருக்கு ஆயுசு முடிந்தது என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். கையைக் கந்தையில் துடைத்திருந்தால் அதோடு போயிருக்கும். மேஸ்திரி அந்தக் கறுப்புக் கையை நீட்டியபடியே நின்றார்.

"டிரைவரு இல்லீங்க சார். வண்டியும் இல்ல. நான்தான் சார்."

எண்ணெய்க் குளியல் முழுவதையும் சொன்னார். பித்த உடம்பையும் விடவில்லை. ஷெட் வெடித்துச் சிரித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். "ரப்பருக்கு எண்ணெய் ஆகாது மேஸ்திரி" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரப்பரை மாத்திட்டு திங்கட்கிழமை வண்டியை எடு" என்றார்.

திங்கட்கிழமை இன்ஜினியரின் தொப்பி தலையிலேயே இருந்தது. பர்மனென்ட்டுக்கு என் பெயர் மேலே போனது. மேஸ்திரியைக் கொஞ்ச காலம் டயர் கழற்றும் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவர் சொம்பை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என் பிக்கப்பின் பம்பரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போகிறவன் வருகிறவன் எல்லாம், "மேஸ்திரி, என் சைக்கிளுக்குச் சளி புடிச்சிருக்கு, சுக்கு அரைச்சுப் போடவா?" என்பான். "போடு, போடு. மொதல்ல உன் நாக்குல போட்டுப் பாரு" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

தனியாக இருந்தபோது ஒருநாள் கேட்டேன். "ரப்பர் பழசுன்னு சொல்லியிருக்கலாமே மேஸ்திரி?"

"சொல்லியிருக்கலாம். அப்பறம் எவனாச்சும் என்னா சொல்லுவான்? ரப்பரு அதுக்குள்ள எப்பிடிடா பழசாச்சு, டிரைவரு உதைச்சு ஓட்டித்தான் கெடுத்தான்னுவான். உன் பேரு மேல ஒரு சொட்டு கறை இருந்தாலும் அது காயறதுக்குள்ள திங்கக்கெழம வந்துடும். கேள்விய அங்கியே முடிச்சுட்டேன். போய் டயரத் தூக்கு, கதை கேக்க வந்துட்டான்."

குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பால் காய்ச்சிய அன்று மேஸ்திரி வந்தார். என் மனைவி குழந்தையை அவர் காலடியில் போட்டாள். அவர் பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு, "என் கையில ஆயில் வாசனை அடிக்குமே தாயீ" என்றார். மாமனார் அன்று முழுக்க வாயைத் திறந்தது பாயசத்துக்கு மட்டும்தான்.

இப்போதும் பழைய ஆட்கள் கல்யாண வீடுகளில் கூடினால் இந்தக் கதை வரும். ஆனால் இன்ஜினுக்கு எண்ணெய் தேய்த்ததோடு முடித்துவிடுகிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள், இலை போடுகிறார்கள், கலைந்துவிடுகிறார்கள். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதினேன். இதைப் படித்தவர்கள் யாருக்காவது சொன்னால், உங்கள் பங்குக்கு ஒன்றும் சேர்க்க வேண்டாம், ஒன்றும் எடுக்கவும் வேண்டாம். சிரிக்கிற இடத்தில் நன்றாகச் சிரிக்கட்டும். ஆனால் அவர் கறுப்புக் கையை நீட்டிக்கொண்டு "நான்தான் சார்" என்று சொல்கிற வரைக்கும் அவர்களைக் கொஞ்சம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் பிள்ளைகள் தவழ்ந்து, நடந்து, வளர்ந்த வீடு அந்த வார்த்தையின் மேல்தான் நின்றது.