மூச்சு விட்டதால் நனைந்த சுவர்

கீழ் வீட்டிலிருந்து,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் தங்கள் தங்கை கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். சுவர் மட்டும் நலமில்லை. மாடியில் தாங்களும் அக்காவும் நலமாக இருப்பதைக் காலடிச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். படுக்கையறைச் சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்ததற்கு நாங்கள்தான் பொறுப்பு, அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும் என்று நேற்று மாடிப்படியில் நின்று சொன்னீர்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். காலியும் செய்ய மாட்டேன். உங்கள் தங்கை வேலை பார்க்கும் மருத்துவமனை இங்கிருந்து நடக்கிற தூரம். முழங்கால் வலியோடு அவள் இரண்டு பஸ் மாறிப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முதலில் ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுவதால்தான் என்றீர்கள். சரியென்று எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோனேன், என் பனியன் பறந்துபோய் எதிர்வீட்டு வக்கீலின் கார் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, அவர் அதைக் குச்சியில் தூக்கிக்கொண்டு வந்து தெருவே பார்க்கக் கொடுத்தார். சுவர் காயவில்லை. அப்புறம் வெந்நீர் ஆவிதான் காரணம்னீங்க, பத்து நாள் பச்சைத்தண்ணியில குளிச்சுத் தும்மித் தும்மி இடுப்பே பிடிச்சுக்கிச்சு, சுவர் அப்பவும் காயலை. பெயிண்டரைக் கூட்டிட்டு வந்தீங்க, அவரு "சார், இது பெயிண்ட்டுக்கு அடங்குற ஈரம் இல்லை"ன்னாரு, நீங்க கேட்கலை, அவரும் பீரோவைச் சுத்திப் பூசிட்டுப் போயிட்டாரு, ஒரே வாரத்துல கறை பழைய இடத்துலயே வந்து உட்கார்ந்துக்கிச்சு. பீரோவுல இருக்கிற என் தோல் செருப்புக்குத் தாடி முளைச்சிருக்கு மச்சான்! கடைசியா என்ன சொன்னீங்க? "மாப்பிள்ளை, ரெண்டு பேரும் நாள் பூரா மூச்சு விடுறீங்கல்ல, அந்த ஈரம்தான்." மூச்சு விடக் கூடாதுன்னு வாடகை ஒப்பந்தத்துல எந்த வரியில இருக்கு? கண்ணாடி போட்டுக்கிட்டு நாலு தடவை படிச்சேன். இல்லை.

முப்பத்தோரு வருஷம் காகிதக் கிடங்குல ஸ்டோர் கீப்பரா இருந்தவன் நான். ஒரு தாள்கூட ஈரத்துல போனதில்லை. எனக்கே பாடம் எடுக்கறீங்களா? அந்தச் சுவர்ல காத்து போக ஒரு ஓட்டை இல்லை. வென்டிலேட்டர் இல்லாத ரூமை வாடகைக்கு விட்டது யாரு? வீட்டுக்காரர். அப்ப பொறுப்பு வீட்டுக்காரருது. இதுக்கு மேல பேச்சில்லை.

தாங்களும் அக்காவும் காய்ந்த சுவர்களுக்கு நடுவே பல்லாண்டு வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காலி செய்யப்போகாத
மாப்பிள்ளை.

பி.கு: சாட்சிக்குப் போட்டோ எடுக்கலாமென்று, பீரோ மேல் அடுக்கியிருந்த பெட்டிகளை இறக்கிவிட்டு இப்போதுதான் அதை நகர்த்தினோம். பின்னால் வென்டிலேட்டர் இருக்கிறது. அதன்மேல் தடித்த அட்டை, நாலு பக்கமும் டேப். "கொசு வரும். யாரும் திறக்கக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறது. நாங்கள் குடிவந்த மறுநாள் தேதி. கையெழுத்து என்னுடையது. உங்கள் தங்கை சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க"ங்கிறா. அட்டையைப் பிச்சாச்சு. சுவரை நானே சுரண்டிப் பூசித் தர்றேன். லெட்டரையும் கிழிச்சிருப்பேன், ஆனா திட்டினதெல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு, மனசு வரலை. நானே கொண்டுவந்து தர்றேன். நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் வாசல்லயே நிப்பேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். காலி பண்ண மட்டும் சொல்லிடாதீங்க மச்சான்.